பின்பக்கம் வேறு தாள் ஒட்டியது

புத்தளம்
2013 ஜூலை 22

திரு. பார்த்தீபன் அவர்களுக்கு,

இணையச் சந்தையில் உங்களிடம் மூன்று பழைய உதைபந்தாட்ட அட்டைகள் வாங்கிய பைசர் என் தம்பி. நான் அவனுடைய மூத்த சகோதரி. அந்தத் தளத்தின் உரையாடல் பெட்டியில் முகவரியோ தொலைபேசி எண்ணோ எழுதினால் அழித்துவிடுகிறார்கள். உங்கள் தபால் உறையில் முருங்கன் முகவரி இருந்தது. அதனால் இந்தக் கடிதம்.

அட்டைகள் பழுதில்லாமல் வந்தன. விளம்பரத்தில் "1986ஆம் ஆண்டு, அபூர்வம், பின்பக்கம் வேறு தாள் ஒட்டியது" என்று எழுதியிருந்தீர்கள். அபூர்வம் என்பதை நான் நம்பவில்லை. பபிள்கம் பைக்கற்றுக்குள் வந்த அட்டைகள் அவை. எங்கள் ஊர்ப் பையன்கள் எல்லோரிடமும் இருந்தன. பின்பக்கத்தைப் பற்றி நீங்கள் எழுதியது மட்டும் சரி.

படத்தில் ஒன்பது அட்டைகள் தெரிந்தன. மீதி ஆறும் உங்களிடம் இருக்கின்றனவா? இருந்தால் நீங்கள் சொல்லும் விலைக்கு எல்லாவற்றையும் வாங்கிக்கொள்கிறேன். ஒரே ஒரு நிபந்தனை. பின்னால் ஒட்டியிருக்கும் தாளை உரிக்காதீர்கள். தண்ணீரில் போடாதீர்கள், ஆவியில் காட்டாதீர்கள். எனக்கு வேண்டியது அந்தத் தாள்தான். ஆகஸ்ட் 28ஆம் திகதிக்கு முன் அது என் கையில் இருக்கவேண்டும்.

இப்படிக்கு,
நசீறா தாவூது
(ஆசிரியை, புவியியல்)


முருங்கன்
27.07.2013

மதிப்புக்குரிய ரீச்சருக்கு,

கடிதம் கிடைத்தது. நான் சந்தியில் தொலைபேசி திருத்துகிற கடை வைத்திருக்கிறேன். இரண்டு வருடமாக இணையத்தில் பழைய சாமான் விற்கிறேன். இதுவரை ஐந்து நட்சத்திரத்துக்குக் குறைவாக ஒருவரும் தந்ததில்லை. பின்பக்கம் சரியில்லை என்று விலையைக் குறைத்துக் கேட்கிறவர்கள்தான் வழக்கமாக வருவார்கள். பின்பக்கம் மட்டும் போதும் என்று கேட்ட முதல் ஆள் நீங்கள்.

உண்மையைச் சொல்கிறேன், குறை நினைக்கவேண்டாம். உங்கள் கடிதத்தை என் மனைவி வேணுஜா வாசித்துவிட்டு, "இது ரீச்சர் எழுதினதில்லை. ஆரோ விசாரிக்கினம். மறுமொழி போடாதேங்கோ" என்றாள். சிவில் உடுப்பில் விசாரிக்க வருகிறவர்கள் முதலில் சாதாரணமான ஒன்றைத்தான் கேட்பார்கள் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். அதிலும் நீங்கள் திகதி வேறு போட்டிருக்கிறீர்கள்.

நான்கு அட்டைகள் கையில் இருக்கின்றன. மற்ற இரண்டும் கொழும்பில் ஒரு சேகரிப்பாளரிடம் போய்விட்டன. பழைய அட்டை சேர்ப்பவர், மூலை மழுங்கினாலே வேண்டாம் என்கிற ஆள். திருப்பித் தருவாரோ தெரியாது.

அந்தத் தாள் ஏன் வேண்டும் என்று எழுதினால் நான்கையும் அனுப்புவதைப் பற்றி யோசிக்கலாம். தொலைபேசி இலக்கம் கீழே இருக்கிறது. எடுத்துப் பேசினாலும் நல்லது.

ஏ. பார்த்தீபன்


புத்தளம்
2013 ஆகஸ்ட் 1

திரு. பார்த்தீபன்,

தொலைபேசியில் பேசியதை இரண்டு பக்கமும் பிறகு மாற்றிச் சொல்லலாம். கடிதமே இருக்கட்டும். நீங்கள் பயப்பட்டதில் பிழையில்லை. நான் முழுவதையும் எழுதியிருக்கவேண்டும்.

எங்கள் ஊர் முசலி. வாப்பாவின் பெயர் தாவூது. ரோட்டோரம் இரண்டு ஏக்கர் காணி, அதில் வீடு. அரசாங்கம் கொடுத்த காணி அனுமதிப்பத்திரம் இருந்தது. 1990இல் தம்பிக்குப் பதினொரு வயது. அட்டைகளை ஒட்டிவைக்க வீட்டில் தடித்த தாள் தேடியிருக்கிறான். பத்திரத்தின் வெறும் பக்கத்தில், வரிசைக்கு மூன்றாக ஒன்பது அட்டைகளையும் சோற்றுப்பசையால் ஒட்டிவிட்டான். வாப்பா அடித்தார். பிறகு, "ரெண்டு ஏக்கர் காணிக்கு மேல கோல்கீப்பர நிக்க வெச்சிட்டியேடா" என்று தானே சிரித்தார். உரித்தால் எழுத்துக் கிழியும் என்று அப்படியே மடித்துப் பெட்டிக்குள் வைத்தார்.

அந்த ஒக்டோபரில் முஸ்லிம்கள் எல்லோரையும் இயக்கத்தார் ஊரைவிட்டுப் போகச் சொன்னார்கள். ஆளுக்கு ஒரு பை. பெட்டி நின்றுவிட்டது. நான் அப்போது பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தேன். அந்த நாளில் நான் வீட்டில் இல்லை.

இப்போது காணி காடாகிவிட்டது. அதே இடத்தை இன்னொருவரும் கேட்கிறார். காணிக் கந்தோரில் எங்கள் பத்திரத்தின் பிரதி கிடைக்கவில்லை. ஆகஸ்ட் 28ஆம் திகதி முசலியில் காணி விசாரணை. வாப்பாவுக்கு எண்பத்தொரு வயது. கையில் ஒரு தாளும் இல்லை.

தம்பிக்கு இந்த வயதிலும் இணையத்தில் பழைய அட்டைகள் தேடுகிற பழக்கம். உங்கள் விளம்பரத்தில் இருந்த கோல்கீப்பருக்கு மைப்பேனாவால் மீசை வரைந்திருந்தது. அதை வரைந்தவன் அவன்தான். நீங்கள் பின்பக்கத்தையும் படம் எடுத்துப் போட்டிருந்தீர்கள். அதில் "வூது" என்ற இரண்டு எழுத்தை நான் பார்த்தேன்.

பத்திரத்தை அட்டை அட்டையாக வெட்டி விற்கிறீர்கள். நான் அதைத் துண்டு துண்டாக வாங்குகிறேன். இதுதான் காரணம்.

என்னுடைய கேள்வியும் ஒன்றுதான். அது உங்களிடம் எப்படி வந்தது?

நசீறா


முருங்கன்
06.08.2013

ரீச்சர்,

நான்கு அட்டைகளையும் இன்று பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். விலை வேண்டாம். கொழும்புக்காரருக்கும் எழுதியிருக்கிறேன்.

உங்கள் கேள்விக்கு மறுமொழி: என் அப்பா ஏரம்பு அதை வாங்கினவர். அந்தக் காலத்தில் சந்திகளில் பழைய சாமான் விற்பார்கள். ஒரு பெட்டி வாங்கினார், அதற்குள் இருந்தது. அப்பா 2009இல் செல் குண்டு விழுந்து இறந்துவிட்டார். அதற்கு மேல் எனக்குத் தெரியாது.

ஒன்று சொல்லவேண்டும். உங்களுக்கு மட்டும்தான் வீடு போனது போல எழுதியிருக்கிறீர்கள். நாங்கள் முருங்கனில் இருந்து வெள்ளாங்குளம் போனோம். அங்கிருந்து கிழக்கே, யுத்தத்தின் கடைசிவரை. பிறகு செட்டிகுளம் முகாம். திரும்பி வந்தபோது எங்கள் வீட்டில் கூரையும் இல்லை, நிலையும் இல்லை, கதவும் இல்லை. யார் எடுத்தார்கள் என்று நான் ஒருவரிடமும் கடிதம் எழுதிக் கேட்கவில்லை.

பார்த்தீபன்


புத்தளம்
2013 ஆகஸ்ட் 11

திரு. பார்த்தீபன்,

நான்கு அட்டைகளும் பெருநாளுக்கு மறுநாள் வந்தன. நன்றி.

ஏழு அட்டைகளையும் மேசையில் கவிழ்த்து அடுக்கினேன். வாப்பாவின் பெயர், ஊர், காணியின் அளவு, மேற்கு எல்லை எல்லாம் வருகின்றன. இரண்டு இடம் வெறுமையாக இருக்கிறது. ஒன்றில் கிழக்கு எல்லை. மற்றதில் பத்திர இலக்கம், கையொப்பம், முத்திரை. அந்த இரண்டாவது இல்லாவிட்டால் மற்ற எட்டும் வெறும் கடதாசி.

உங்கள் இழப்பை நான் மறுக்கவில்லை. ஆனால் அது என் கேள்விக்கு விடையல்ல. அப்பா வாங்கினார் என்கிறீர்கள். யாரிடம்? அன்று எங்கள் வீட்டில் விற்பதற்கு ஒருவரும் இல்லை.

இன்னொன்றும் கவனித்தேன். கத்தரிக்கோல் வெட்டு புதியது. ஓரம் இன்னும் வெள்ளையாக இருக்கிறது. ஒரு மயிரிழைகூட விலகாமல் வெட்டியிருக்கிறீர்கள். அவ்வளவு கவனமாக வெட்டுகிறவர், விளம்பரத்துக்குப் பின்பக்கத்தைப் படமும் எடுக்கிறவர், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்திருக்க மாட்டார் என்று என்னால் நம்ப முடியவில்லை.

கொழும்புச் சேகரிப்பாளரின் முகவரியை அனுப்புங்கள். நானே போய்க் கேட்கிறேன். இன்னும் பதினேழு நாள்தான் இருக்கிறது.

நசீறா


முருங்கன்
17.08.2013

ரீச்சர்,

மடுத் திருவிழாவுக்குச் சனம் வந்ததால் கடையில் தொலைபேசிகளுக்கு ரீலோட் போடவே நேரம் சரியாக இருந்தது என்று எழுத நினைத்தேன். அது சாட்டு. உங்கள் கடிதம் பதினான்காம் திகதியே வந்துவிட்டது. மூன்று நாளாகப் பேனை எடுக்கவில்லை.

கொழும்புக்காரரிடம் போனது ஒரு அட்டைதான். அவர் நல்ல மனிதர், திருப்பித் தந்துவிட்டார். இத்துடன் இருக்கிறது. அதில் கிழக்கு எல்லை வரும்.

மற்றது, பச்சைச் சட்டைக்காரன், எங்கேயும் போகவில்லை. என்னிடமே இருக்கிறது. பின்பக்கம் சுத்தமாக இருந்தால்தான் எடுப்பேன் என்று கொழும்புக்காரர் கேட்டிருந்தார். ஜூலை இருபதாம் திகதி இளஞ்சூட்டுத் தண்ணீரில் போட்டேன். சோற்றுப்பசை என்றபடியால் பத்து நிமிடத்தில் விட்டுவிட்டது. தாள் கூழாகிவிட்டது. முத்திரையின் நீலம் கரைந்து போனதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தண்ணீரைக் கடைக்குப் பின்னால் ஊற்றினேன். ஒரு கிழமை கழித்துத்தான் "தண்ணீரில் போடாதீர்கள்" என்ற உங்கள் கடிதம் வந்தது. அதனால்தான் பொய் எழுதினேன்.

அது காணிப் பெர்மிற் என்பது எனக்கு ஒன்பது வயதிலேயே தெரியும். அப்பா வாங்கவில்லை. முசலிப் பக்கம் வயல் உழுவதற்கு மெசின் கொண்டு போனவர்கள் உங்கள் வீட்டுப் பெட்டியையும் ஏற்றி வந்தார்கள். வீட்டுக்கு வந்து திறந்து பார்த்துவிட்டு அப்பா, "உதை ஒரு பக்கமா வை. ஆக்கள் திரும்பி வந்தா குடுக்கவேணும்" என்றார். "படத்தையும் குடுக்கவேணுமோ?" என்று கேட்டேன். "படத்தையும்தான்" என்றார். அந்த ஆட்கள் வரக்கூடாது என்று நான் பிள்ளையாரைக் கும்பிட்டேன். பிறகு பல வருடம் கும்பிட்டேன்.

வெள்ளாங்குளத்துக்கும் அங்கிருந்து கடைசிவரைக்கும் அதைப் பொலித்தீன் பையில் சுற்றி வயிற்றோடு கட்டிக்கொண்டு போனவன் நான். எங்கள் சொந்தப் பெர்மிற் வழியில் தொலைந்தது. உங்களுடையது தொலையவில்லை. படம் ஒட்டியிருக்காவிட்டால் நான் அதைக் கொண்டுபோயிருக்க மாட்டேன், அதுவும் உண்மை.

முகாமில் இருந்து வந்து மூன்று வருடம் ஒருவரும் தேடி வரவில்லை. இனி வரமாட்டார்கள் என்று நினைத்துத்தான் கத்தரிக்கோலை எடுத்தேன்.

பார்த்தீபன்


புத்தளம்
2013 ஆகஸ்ட் 20

பார்த்தீபன்,

கோபத்தில் எழுதிய இரண்டு தாள்களைக் கிழித்தேன். இது மூன்றாவது.

எட்டுத் துண்டுகளையும் கண்ணாடித் தாளுக்குள் அடுக்கி ஒட்டிவிட்டேன். கீழே, வலது மூலையில், ஒரு அட்டை அளவுக்கு ஓட்டை. தம்பி திருப்பிப் பார்த்துவிட்டு, "எல்லாரும் நிக்கிறானுகள் ராத்தா. கோல் அடிக்கிறவன் மட்டும்தான் இல்ல" என்றான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வாப்பா விரலால் அந்த ஓட்டையைத் தடவிப் பார்த்தார். அவருக்குக் கண் சரியாகத் தெரியாது.

விசாரணையில் என்ன கேட்பார்கள் என்று எனக்குத் தெரியும். இப்படி எட்டுத் துண்டை யாரும் வெட்டிக் கொண்டுவரலாம். இருபத்துமூன்று வருடம் இது எங்கே இருந்தது, யாரிடம் இருந்தது, எந்த வீட்டில் இருந்து போனது? அதற்கு எங்களிடம் விடை இல்லை. உங்களிடம் இருக்கிறது.

உங்களை வரச்சொல்லி நான் கேட்கமாட்டேன். கேட்கும் உரிமை இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன், ஆனாலும் கேட்கமாட்டேன். தகவலுக்காக மட்டும் எழுதுகிறேன். 28ஆம் திகதி புதன்கிழமை, காலை ஒன்பதரை, முசலிப் பாடசாலை மண்டபம். முருங்கனில் இருந்து சிலாபத்துறை பஸ் அந்த வழியாகத்தான் போகும்.

நசீறா


முருங்கன்
24.08.2013

ரீச்சர்,

உங்கள் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அம்மாவின் பெயர் பூமணி. அரிசி புடைத்துக்கொண்டிருந்தவர் சுளகை நிலத்தில் வைத்தார்.

"சபையில போய் என்னெண்டு சொல்லப் போறாய்?"

"நடந்ததை."

"கொப்பர் கள்ளன் எண்டோ?"

"அப்பா திருப்பிக் குடுக்கச் சொன்னவரெல்லோ அம்மா."

"குடுக்கத்தான் சொன்னவர். கள்ளன் எண்டு சொல்லச் சொல்லேல்ல. செத்த மனுசன் எழும்பி வந்து மறுமொழி சொல்லுமோ?"

அதற்குப் பிறகு அம்மா என்னோடு கதைக்கவில்லை. இரண்டு நாளாகிறது. வேணுஜா தன் பங்குக்கு, "ஐஞ்சு நட்சத்திரக் கடைக்காரர். ஆராவது பின்பக்கத்தைத் திருப்பிப் பாத்தாத்தான் ஆளுக்குக் காய்ச்சல்" என்கிறாள். முதல் கடிதத்துக்கே மறுமொழி போடவேண்டாம் என்றவள் அவள்.

நான் வரமாட்டேன், ரீச்சர். அதற்குப் பதிலாக ஒரு தாளில் எழுதிக் கையொப்பம் வைத்து இத்துடன் அனுப்புகிறேன். அந்தப் பத்திரம் 1990இல் இருந்து எங்கள் வீட்டில் இருந்தது, அப்பா வாங்கினது என்று எழுதியிருக்கிறேன். அம்மா இருக்கும்வரை வேறு சொல் எழுத என்னால் முடியாது. இதை வைத்துக் கேட்டுப் பாருங்கள்.

பார்த்தீபன்


புத்தளம்
2013 ஆகஸ்ட் 30

தம்பி பார்த்தீபனுக்கு,

உங்கள் தாள் 27ஆம் திகதி மாலை கிடைத்தது. அதை நான் கொடுக்கவில்லை, பையிலேயே இருந்தது. பொய் என்று தெரிந்த ஒன்றை வைத்து வாப்பாவின் காணியைக் கேட்க மனம் வரவில்லை. ஓட்டையோடு கேட்பது என்று முடிவு செய்திருந்தேன்.

மண்டப வாசலில் உங்களைக் கண்டபோது முதலில் யாரென்று தெரியவில்லை. நீங்கள் பக்கத்தில் நின்ற அம்மாவைக் காட்டினீர்கள். சாட்சிகளை ஒவ்வொருவராகத்தான் உள்ளே விட்டார்கள். நீங்கள் வெளியே நின்றீர்கள். உள்ளே நடந்ததை அம்மா உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். அதனால் எழுதுகிறேன்.

அதிகாரி துண்டுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "முத்திரை இல்லை, இலக்கம் இல்லை. இதை நான் என்னெண்டு பதியிறது?" என்று கேட்டார். பிறகு அம்மாவைப் பார்த்தார்.

"இது உங்கட வீட்டுக்கு என்னெண்டு வந்தது? புருசன் வாங்கினவரோ?"

"வாங்கேல்ல ஐயா. எடுத்தது."

"அவர் எடுத்தவரோ?"

"அவரில்லை. அவர் மெசினை விட்டு இறங்கேல்ல. வேண்டாம் பூமணி, வா எண்டவர். நான்தான் உள்ளுக்குப் போனனான்."

அதிகாரி பேனையைக் கீழே வைத்தார். எந்த வீடு என்று எப்படி நிச்சயமாகச் சொல்கிறீர்கள் என்று கேட்டார்.

"ரோட்டிலை இருந்து போகேக்கை இரண்டு புளி நிண்டது. கிணறு பின்னால இல்லை, வீட்டுக்குப் பக்கத்திலை, கடற்பக்கமா. கிணத்தடிக்கு இறங்கிற படியிலை மூண்டாவது உடைஞ்சு கிடந்தது. கால் தடக்கினது, அதாலை தெரியும். அடுப்படிக் கதவு நீலம்."

அதுவரை தலையைக் குனிந்திருந்த வாப்பா நிமிர்ந்தார். "அந்தப் படிய உடைச்சது நான்தான். கட்டணும் கட்டணும்னே இருந்துட்டேன்" என்றார், அதிகாரியிடம் இல்லை, உங்கள் அம்மாவிடம்.

அன்று பின்னேரம் நில அளவையாளரும் இரண்டு கூலியாட்களும் காட்டை வெட்டிக்கொண்டு உள்ளே போனார்கள். புளியில் ஒன்றுதான் இருந்தது. கிணறு கடற்பக்கம் இருந்தது. மூன்றாவது படி இல்லை. மற்ற உரிமைகோருபவருக்குக் கிணறு இருப்பதே தெரியாது. வீடு இருந்த இடம் உறுதிப்பட்டது என்று அதிகாரி எழுதி, வாப்பாவின் கைநாட்டையும் உங்கள் அம்மாவின் கைநாட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வாங்கினார். புதிய பத்திரத்துக்கு மூன்று மாதம் ஆகும் என்றார். எட்டு அட்டைகளையும் விசாரணைக் கோவையில் வைத்துக்கொண்டார். கோல்கீப்பரையாவது தரச்சொல்லித் தம்பி கேட்டுப் பார்த்தான், கிடைக்கவில்லை.

இதை எழுத உட்கார்ந்த காரணம் வேறு. உங்கள் அம்மா கதிரையில் இருந்து எழும்பும்போது, யாரும் கேட்காமலே ஒன்று சொன்னார். "உலை அடுப்பிலை இருந்தது ஐயா. மூடியிருந்தது. அடுப்பு அப்பவும் சுட்டது." அதிகாரி அதை எழுதவில்லை.

என் உம்மா இறக்கும்வரை அந்த நாளைப் பற்றி ஒரு சொல்லும் பேசியதில்லை. நானும் கேட்டதில்லை, வீட்டில் இல்லாதவளுக்கு அதைக் கேட்க வாய் வரவில்லை. உலை வைத்துவிட்டுத்தான் வெளியே வந்தார் என்பதை இப்போதுதான் அறிகிறேன்.

அம்மாவிடம் ஒன்று கேட்டு எழுதுங்கள். அந்த அரிசி வெந்திருந்ததா? அதை யாராவது சாப்பிட்டார்களா? சாப்பிட்டிருந்தால் சொல்லத் தயங்கவேண்டாம். எனக்கு அது கொட்டிப் போகவில்லை என்று தெரிந்தால் போதும்.

நசீறா


முருங்கன்
04.09.2013

ரீச்சருக்கு,

அம்மாவிடம் கேட்டேன். "வெந்துதான் இருந்தது. கஞ்சி வடிக்கேல்ல. நான் வடிச்சனான்" என்றார்.

பானையையும் மெசினில் ஏற்றியிருக்கிறார்கள். வயல் வரம்பில் வைத்து எல்லோரும் சாப்பிட்டோம். அன்று நானும் கூடப் போயிருந்தேன். என்னை வயலில் இறக்கிவிட்டுத்தான் அவர்கள் ஊருக்குள் போனவர்கள். அது எங்கிருந்து வந்த சோறு என்று நான் கேட்கவில்லை. பசி. இரண்டாம் தரமும் போடச்சொல்லி வாங்கிச் சாப்பிட்டேன்.

பச்சைச் சட்டைக்காரனைப் பைசர் அண்ணனுக்கு அனுப்புகிறேன். விலை இல்லை. மூலை நான்கும் மழுங்கவில்லை. பின்பக்கம் சுத்தமாக இருக்கிறது. அதற்காக என்னை மன்னிக்கவேண்டும்.

பார்த்தீபன்